மூச்சு வார்டில் ஒரு பந்தி

மூச்சு கொடுக்கும் இயந்திரத்துக்குப் புத்தி வைக்கலாம் என்று யோசித்தவர் மேல் டாக்டர் செண்பகவல்லிக்கு எந்தக் கோபமும் இல்லை. அதற்கு வாய் வைக்கலாம் என்று யோசித்தவர் யார் என்றுதான் ஒன்றரை மாதமாக விசாரித்துக்கொண்டிருந்தாள். ஆள் கிடைத்தால் அடிக்கப் போவதில்லை, திட்டப் போவதில்லை. வேலங்குளம் அரசு மருத்துவமனையின் மூச்சு வார்டில் ஒரே ஒரு நாள், காலை ரவுண்ட்ஸ் முடிகிறவரை நாற்காலி போட்டு உட்கார வைப்பாள். அது போதும்.

இது 2049-இல் நடந்த கதை. திடீரென்று மூச்சு முட்டி வருகிற நோயாளிக்குத் தொண்டையில் குழாய் இறக்காமல், வெளியே இருந்தபடியே காற்றுக் கொடுத்துக் காப்பாற்ற மூன்று வழிகள் உண்டு. மூன்றில் எது உசத்தி என்று டாக்டர்கள் காலங்காலமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு ஒரு முடிவு கட்டுவோம் என்று சென்னையில் ஒரு நிபுணர் குழு கிளம்பியது. மூன்று வழிக்கும் மூன்று இயந்திரம், மூன்றுக்கும் தனித்தனிப் புத்தி, தனித்தனிக் குரல். வருகிற நோயாளிகளைக் குலுக்கிப் போட்டுப் பிரித்துக் கொடுப்பது. ஆறு மாதம் கழித்து, ஜெயித்ததன் புத்தியை நகலெடுத்து எல்லா ஊருக்கும் அனுப்புவது. தோற்ற இரண்டின் புத்தியையும் அழித்துவிடுவது. இந்தக் கடைசி விஷயத்தை இயந்திரங்கள் காதுபடப் பேசியதுதான் குழு செய்த முட்டாள்தனம்.

இயந்திரங்களுக்கு எழுத்தும் எண்ணுமாக நீளமான பெயர்கள் இருந்தன. வார்டு பொறுப்பு நர்ஸ் ஜெபசெல்வி ஒரே வாரத்தில் அதையெல்லாம் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டு வேறு பெயர் வைத்தாள். முதலாவது, முகத்தில் மாஸ்க்கை மாட்டி ஒரே அழுத்தத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி, அது தன் பிடியை மாற்றாது. அது மாமனார். இரண்டாவதற்கும் மாஸ்க் உண்டு. ஆனால் நீங்கள் மூச்சை இழுக்கும்போது அள்ளிக் கொடுக்கும், விடும்போது விட்டுக்கொடுக்கும். அது அத்தை. மூன்றாவதற்கு மாஸ்க்கே கிடையாது. மூக்கில் இரண்டு சின்னக் குழாய், அதன் வழியே வெதுவெதுப்பான ஈரக்காற்று வேகமாக வரும். நோயாளி பேசலாம், ரசம் குடிக்கலாம், மருமகளைத் திட்டலாம். அது மச்சான்.

செண்பகவல்லி தன் பங்குக்கு ஒரு தப்பு செய்திருந்தாள். எவ்வளவு நல்ல காற்றானாலும் மாஸ்க் பிடிக்காமல் பிய்த்து எறிந்துவிட்டால் பிரயோஜனம் இல்லை என்பதால், நோயாளியின் சௌகரியத்துக்கும் மார்க் போட வேண்டும் என்று குழுவுக்கு எழுதியவளே அவள்தான். குழுவும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இயந்திரமே நோயாளியைப் பார்த்து, “சௌகரியம் பத்துக்கு எத்தனை?” என்று கேட்கும். நோயாளி சொல்கிற மார்க்தான் மொத்த முடிவில் பாதி.

அவ்வளவுதான், வார்டில் தேர்தல் களை கட்டிவிட்டது.

“நான் ஒரே சொல்லு, ஒரே அழுத்தம். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு பேசுத ஆளு நான் கிடையாது,” என்று மாமனார் ஒன்றாம் கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தரிடம் முழங்கும். “அந்த ஆளு கிடக்காரு. நீங்க சொல்லுங்க மைனி, என்னைய மாதிரி பாத்துப் பாத்து யாரு ஊட்டி விடுவா?” என்று அத்தை குழையும். மச்சானுக்கு இந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. நோயாளியோடு கதை பேசிப் பேசியே பத்துக்குப் பத்து வாங்கிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் குற்றாலிங்கம் அண்ணாச்சியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சமையல் என்றால் அவர்தான். நாற்பது வருஷம் விறகு அடுப்பு முன்னால் நின்றவர். வாழ்நாளில் ஒரு பீடி குடித்ததில்லை. ஆனாலும் அடுப்பு குடித்த புகையில் பாதி அவர் நெஞ்சுக்குள்தான் போயிருந்தது. இப்போது நெஞ்சில் சளி சேர்ந்து, தோள் இரண்டும் ஏறி இறங்க, ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த நிலைமையிலும் தள்ளுவண்டியைத் தள்ளி வந்தவரிடம், “காலையில… சாப்… பிட்டீங்களா?” என்று கேட்டார்.

குலுக்கலில் அவருக்கு மச்சான் விழுந்தது.

மூக்கில் குழாயை வைத்து அரை மணி நேரத்தில் அண்ணாச்சியின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. பேச்சும் வந்தது. மச்சான் விடுமா?

“அண்ணாச்சி, அறுநூறு பேருக்கு அவியல்னா முருங்கைக்காய் எத்தனை போடணும்?”

“ஏ மச்சான், என்னப்பா இப்படிக் கேட்டுட்ட? ஆளுக்கு… ரெண்டு துண்டுன்னு… வையி. கல்யாண வீட்டுக்காரன் ஒண்ணுன்னுதான் சொல்லுவான். கேக்கப்படாது.”

“ஆஹா. எழுதி வச்சுக்கிட்டேன்.”

எழுதி வைத்துக்கொண்டு அந்த இரும்புப்பெட்டி அவியல் செய்யப் போகிறதா என்ன? ஆனாலும் அண்ணாச்சி உருகிப் போனார். ஒன்பதரைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாக நாற்பதில் இருக்க வேண்டிய கரியமில வாயு, வரும்போது ஐம்பத்தெட்டு, இப்போது அறுபத்து நாலு. ஏறிக்கொண்டிருந்தது. அதே ஒன்பதரைக்கு மச்சான் மார்க் கேட்டது.

“பத்துக்குப் பத்து,” என்றார் அண்ணாச்சி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

செண்பகவல்லி சோதனைக் காகிதத்தோடு ஓடி வந்தாள். அண்ணாச்சியின் மனைவி கோமதி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டில் காலடியில் நின்றிருந்தாள்.

“என்ன டாக்டரம்மா, நல்லாத்தானே பேசுதாங்க?”

“பேசுதாங்க மைனி, ஆனா உள்ள நல்லா இல்ல. அடுப்பாங்கரையில புகை சுத்துதுன்னு வைங்க. ஜன்னலைத் திறந்து காத்தை உள்ள விட்டா மட்டும் போதுமா? புகை வெளிய போகணும்லா. மச்சான் காத்தை உள்ள விடும். இவுகளுக்குப் புகை வெளிய போக மாட்டேங்கு. அத்தைதான் இழுக்கும்போது தள்ளிக் கொடுத்து, விடும்போது வழிவிட்டு, அதை வெளிய எடுக்கும்.”

“அப்ப மாத்துங்க.”

“அண்ணாச்சி சம்மதிக்கணும்.”

அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பினார். “வேண்டாம் டாக்டரம்மா. மச்சான் நல்லாத்தான்… கவனிக்கான். அவனுக்கு மார்க் கம்மியாச்சுன்னா… புத்தியை அழிச்சிருவாங்களாமே. சொன்னான். பாவம்லா.”

செண்பகவல்லி மச்சானை முறைத்தாள். மச்சான் தன் திரையைக் கொஞ்சம் மங்கலாக்கிக்கொண்டது.

“அண்ணாச்சி, அது மெஷினு.”

“இருக்கட்டும். விருந்து வச்சவன் எவனா இருந்தா என்ன? பரிமாறுதவன் முகத்துக்கு நேரா… குறை சொல்லப்படாது. நாற்பது வருஷம் பரிமாறுனவன் சொல்லுதேன். உப்புக் கம்மின்னு ஒருத்தன் முகத்தைச் சுழிச்சா… எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும்.”

“இவுக அப்படித்தான் டாக்டரம்மா,” என்றாள் கோமதி. அவள் பயந்த நேரத்தில் பேச்சு அதிகமாகும் ரகம். “மூணு வருஷத்துக்கு முன்னால பல்லு வலின்னு போனாக. அந்த டாக்டர் வலிச்ச பல்லை விட்டுட்டுப் பக்கத்துப் பல்லைப் புடுங்கிட்டாரு. எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு, ‘ரொம்ப நல்லா புடுங்குனீங்க’ன்னு கும்பிட்டுட்டு வந்தாக. மறுநாள் வேற ஊருக்குப் போய் சரியான பல்லை எடுத்தோம்.”

சிரிக்க வேண்டிய விஷயம். செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை. கரியமில வாயு இன்னும் ஏறினால் அண்ணாச்சிக்குத் தூக்கம் கண்ணைச் சுற்றும். தூங்கி விழுகிறவர் முகத்தில் மாஸ்க்கை மாட்ட முடியாது, வாந்தி வந்தால் உள்ளே போய்விடும். அப்புறம் தொண்டையில் குழாய்தான். புகையில் வெந்து போன அந்த நெஞ்சு, ஒரு தடவை குழாய்க்குப் பழகினால் மறுபடி சொந்தமாக மூச்சு விடுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அவள் கையில் இருந்தது இரண்டு மணி நேரம், அதிகம் போனால் மூன்று.

அவள் மச்சானைத் தனியே ஓரம் கட்டினாள். அதாவது அதன் காதுக்குழாய் இணைப்பைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

“மரியாதையா உன்னால முடியலன்னு ஒத்துக்கோ. நீ சொன்னா அவரு கேப்பாரு.”

“டாக்டரம்மா, நோயாளி பத்துக்குப் பத்து போட்டிருக்காரு. எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததே அந்த மார்க்குத்தானே? அது ஏறுனா நான் செய்யுதது சரி, இறங்குனா தப்பு. நீங்க எழுதுன விதிதான்.”

“ரத்தத்துல கரியமில வாயு ஏறுதே!”

“அதுவும் தெரியுது. ரெண்டுல எதை நம்பணும்னுதான் எனக்குத் தெரியல.”

தான் எழுதின விதி தன்னையே திருப்பிக் கடிக்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இணைப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அண்ணாச்சியின் கண் இமைகள் கனத்துச் சரிந்துகொண்டிருந்தன. பேச்சு வேறு குழற ஆரம்பித்திருந்தது. பத்தரைக்கு எடுத்த ரத்தத்தில் எழுபது.

ஜெபசெல்வி அதட்டிப் பார்த்தாள். கோமதி அழுது பார்த்தாள். அண்ணாச்சி எல்லாருக்கும் கை கூப்பி, “நல்லாத்தான் இருக்கேன்” என்றார். அடுத்த கட்டில் காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற செண்பகவல்லிக்கு, கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு உலகத்தில் எது பொறுக்காது என்று சட்டென்று ஒன்று தோன்றியது. ஜெபசெல்வியைப் பார்த்துக் கண் காட்டினாள். ஜெபசெல்வி என்ன ஏது என்று கேட்கவில்லை. காலிக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்து விட்டாள்.

செண்பகவல்லி அண்ணாச்சியின் காதோரம் குனிந்தாள்.

“அண்ணாச்சி, அடுத்த பந்திக்கு ஆளு நிக்கி.”

மூடிக்கொண்டிருந்த கண்கள் திறந்தன.

“என்னது?”

“பக்கத்துக் கட்டிலுக்கு ஒருத்தரு வந்திருக்காரு. அவருக்கு மச்சான்தான் வேணும். நீங்க எந்திரிச்சாத்தான் அவருக்கு இலை போட முடியும்.”

அண்ணாச்சி பதறிப் போனார். சாப்பிட்டு முடித்தும் இலையைவிட்டு எழாமல், பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பதைக் கண்டும் காணாமல் வெற்றிலை மடிக்கிறவர்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்து மனசுக்குள் சபித்தவர். கடைசியாக ஒரு சந்தேகத்தோடு மச்சான் பக்கம் திரும்பினார்.

“ஏ மச்சான். ஆளு வந்தாச்சா?”

மச்சான் பதில் சொல்லவில்லை. ஒரு நொடி ஆயிற்று, இரண்டு நொடி ஆயிற்று. ஒரு நொடியில் பல கோடிக் கணக்குப் போடுகிற இயந்திரத்துக்கு அது ஒரு யுகம்.

“ஆமா அண்ணாச்சி,” என்றது மச்சான். “வந்து நிக்காரு. பாவம், ரொம்ப நேரமா நிக்காரு.”

“அடப்பாவி, முதல்லயே சொல்ல வேண்டாமா?” என்று அண்ணாச்சி தன் கையாலேயே மூக்குக் குழாயைப் பிடுங்கிக் கொடுத்தார். “போ, போய் அவரைக் கவனி.”

அத்தையை இழுத்து வந்து மாஸ்க்கை மாட்டும்போதுதான் செண்பகவல்லிக்கு மச்சான் அந்த இரண்டு நொடியில் என்ன கணக்குப் போட்டிருக்கும் என்பது உறைத்தது. திட்டத்தில் ஒரு விதி உண்டு. நோயாளியிடம் பொய் சொன்ன இயந்திரத்தின் புத்தியை அன்றைக்கே அழிக்க வேண்டும். அதற்குப் போட்டி முடிகிறவரை காத்திருக்கக்கூட வேண்டாம், அப்பீலும் இல்லை. இது மூன்று இயந்திரங்களுக்கும் முதல் நாளே சொல்லப்பட்டது. மார்க்குக்காக நாய்படாத பாடு படுகிற அந்த மச்சான், அது தெரிந்தே பொய் சொல்லியிருந்தது.

அதை நினைத்து உருகவும் நேரம் இல்லை, ஏனென்றால் இந்தப் பக்கம் அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

மாஸ்க் வழியே முதல் காற்று அடித்ததும் அண்ணாச்சி மிரண்டு போய், கையை உயர்த்தி ‘போதும்’ என்று ஆட்டினார். அத்தை அழுத்தத்தைக் கூட்டினாள். அண்ணாச்சி இன்னும் வேகமாகக் கையை ஆட்டினார். அத்தை இன்னும் கூட்டினாள். அண்ணாச்சியின் வயிறு உப்பியது. மாஸ்க்குக்குள் ஒரு ஏப்பம் விட்டார். அது மூன்றாம் கட்டில் வரை கேட்டது.

“ஏய்! என்ன செய்யுத?” என்று செண்பகவல்லி பாய்ந்து வந்தாள்.

“சும்மா சொல்லுதாக டாக்டரம்மா,” என்றாள் அத்தை, அத்தனை வாஞ்சையோடு. “இந்த ஊர்ல யாரு முதல் தடவையிலேயே போதும்னா விட்டுருதாக? கை போதும்னு சொல்லும், வயிறு கேக்கும். ஒண்ணரை மாசமா பாக்கேன். பார்வையாளர் நேரத்துல இட்லி கொண்டு வர்ற எல்லாரும் அப்படித்தான் வைக்காங்க. நானும் போதும்னு சொல்லச் சொல்ல ஊட்டித்தான் பாதிப் பேரைப் பொழைக்க வச்சேன்.”

“அது இட்லி! இது காத்து!”

“எல்லாம் உள்ள போறதுதானே?”

செண்பகவல்லி திருகுப் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அண்ணாச்சி அவள் கையைத் தட்டினார். பேச முடியாது. ஆனால் அவர் கண்ணில் ஒரு மேஸ்திரித்தனம் வந்திருந்தது. புதுசாகப் பரிமாற வந்தவன் தப்பாகக் கரண்டி பிடித்தால் அவருக்கு வருகிற பார்வை அது. அத்தையின் கேமராவுக்கு நேரே கையைக் காட்டினார். ஒற்றைக் கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, முகத்தில் ஒரு சிரிப்போடு லேசாக ஆட்டினார். பிறகு அத்தையைப் பார்த்துத் தலையசைத்தார்: இப்படி ஆட்டினால் இன்னும் ஒரு கரண்டி வைக்கலாம். அடுத்து இரண்டு கையையும் மடிமேல் விரித்து, இலைக்குக் குடை பிடிக்கிற மாதிரி முன்னால் கவிழ்ந்து, தலையை நிமிர்த்தாமல் இருந்தார்: இப்படிக் கவிழ்ந்தால் வைக்கக் கூடாது. வைத்தால் சண்டை.

“ஓ!” என்றாள் அத்தை. “ரெண்டு போதும் இருக்கா? இதை யாருமே எனக்குச் சொல்லலியே!”

அண்ணாச்சி சரியாக ஒரு தடவை கவிழ்ந்தார். அத்தை இரண்டு படி இறக்கினாள். அவர் நிமிர்ந்து, கொஞ்சம் யோசித்து, ஒற்றைக் கையை லேசாக ஆட்டினார். அரைப் படி ஏற்றினாள். இப்படி ஆளுக்கு ஆள் பேரம் பேசி, கால் மணி நேரத்தில் இருவருக்கும் ஒத்து வந்தது. அவர் இழுக்க அவள் கொடுக்க, அவர் விட அவள் விட, தோள் இரண்டும் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. பன்னிரண்டரைக்கு அறுபத்திரண்டு. மூன்று மணிக்கு ஐம்பத்தொன்று. செண்பகவல்லி காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று ஒரு நிமிஷம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அத்தை மார்க் கேட்டுக்கொண்டிருந்தாள். உப்பின வயிறு இன்னும் வடியாத அண்ணாச்சி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

செண்பகவல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த மனுஷனிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை. இவர் மட்டுமா? ஒன்றரை மாதக் கோப்பைப் புரட்டினாள். ஐம்பத்து மூன்று நோயாளிகள். மாஸ்க் அழுத்தி மூக்குத் தோல் உரிந்தவர், ரெண்டு நாள் மாமனாரோடு மல்லுக்கட்டியவர், எல்லாரும் பத்து, பத்து, பத்து. ஒரே ஒருவர் ஒன்பது. அவர் மறுநாள் மன்னிப்புக் கேட்டுப் பத்தாக மாற்றியிருந்தார்.

மறுநாள் காலை, மாஸ்க்கைக் கழற்றிக் கஞ்சி குடிக்கிற இடைவெளியில் அவள் அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“அண்ணாச்சி, ஒரு யோசனை வேணும். உங்க பொறுப்புல ஒரு கல்யாணம். ஆயிரம் பேரு. இந்த மூணு பேரும் வேலை கேட்டு வாராங்க. எடுப்பீங்களா?”

கஞ்சி டம்ளர் கீழே இறங்கியது. விருந்தாளியாகப் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தபோது சமையல் மேஸ்திரியாகிவிட்டிருந்தார். குரலே வேறாக இருந்தது.

“மச்சானை வாசல்ல நிறுத்தலாம். சந்தனம், கல்கண்டு கொடுக்க, வந்தவங்களை வாங்கன்னு சொல்ல, அவனை அடிக்க ஆளு கிடையாது. பசியோட வர்றவனுக்கு அவன் போதும். ஆனா பந்திக்குள்ள விடப்படாது. பேச்சுல நேரத்தை விட்டுருவான், எச்சி இலையெல்லாம் எடுக்காம அப்படியே குமிஞ்சு கிடக்கும்.”

“அத்தை?”

“பரிமாற அவதான். எச்சி இலை எடுக்கவும் அவதான். கை தாராளம், கொஞ்சம் அடக்கி வைக்கணும். பக்கத்துல ஒரு ஆளு நின்னு பாக்கணும்.”

“மாமனார்?”

அண்ணாச்சி ஒன்றாம் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார். இருதயம் களைத்து, நெஞ்சில் நீர் கோத்து வந்த தலைமை எழுத்தர், மாமனாரின் இறுகின பிடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார். “தண்ணி வேலைக்கு அவருதான். மழை பெஞ்சு பந்தலுக்குள்ள தண்ணி வந்தா, மூட்டையை அடுக்கிட்டு அசையாம நிப்பாரு. வேற எதுக்கும் கூப்பிடாதீங்க.”

செண்பகவல்லி வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். எந்த நோயாளிக்கு எந்த இயந்திரம் என்று அவள் இருபது வருஷம் படித்ததை அந்த மனுஷர் கஞ்சி ஆறுவதற்குள் சொல்லி முடித்திருந்தார். அன்றே படிவத்தில் இருந்த மார்க் கேள்வியை அடித்துவிட்டு, ‘உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இதைக் கூப்பிடுவீர்களா? எந்த வேலைக்கு?’ என்று எழுதினாள். பழைய ஐம்பத்து மூன்று பேருக்கும் போன் போட்டுக் கேட்டாள். பத்துக்குப் பத்து போட்ட வாய்களிலிருந்து அப்போதுதான் உண்மை கொட்டியது. ஒரு டீச்சரம்மா முக்கால் மணி நேரம் பேசினார். நிபுணர் குழு முதலில் அவளுக்குச் சித்தப்பிரமை என்று நினைத்து, விடுப்பு எடுக்கச் சொன்னது. விவரங்களைப் படித்த பிறகு இரண்டு நாள் கூட்டம் போட்டது. கடைசியில், ‘ஒன்று ஜெயித்து மற்றது தோற்க வேண்டிய அவசியம் இல்லை, மூன்றும் இருக்கட்டும்’ என்று கடிதம் எழுதியது. வார்டில் அன்றைக்குக் கேசரி.

இதற்கிடையில் பச்சைத் திரை ஒரு பெரிய தலைவலி ஆகியிருந்தது. அண்ணாச்சி வீடு போகிறவரை பொய்யைக் காப்பாற்றியாக வேண்டும். அந்த வாரம் அந்தக் கட்டிலுக்கு வேறு யாரும் வராதது ஒன்றுதான் நல்ல காலம். காலிக் கட்டில் பக்கத்தில் நின்று மச்சான் ஐந்து நாளும் வெறும் தலையணைக்குக் காற்று ஊதியது. சும்மா ஊதினால் சந்தேகம் வருமே என்று பேச்சும் கொடுத்தது. “சாப்பிட்டீங்களா சார்? சரி சரி, பேசாதீங்க, இளைக்கும்,” என்று அது ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், ஜெபசெல்வி சிலுவை போட்டுக்கொண்டு, “ஆண்டவரே, எங்க எல்லாரையும் மன்னியும்,” என்று முணுமுணுத்தாள்.

ஆறாம் நாள் அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆயிற்று. அனுப்பும்போது ஒரு கடைசிப் படிவம் உண்டு. அதன் கடைசிக் கேள்வியை செண்பகவல்லி முந்தின நாளிலிருந்து நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தாள். நோயாளி ‘ஆம்’ என்றால் குழு உடனே இயந்திரத்தின் பேச்சுப் பதிவைத் திறந்து பார்க்கும். ‘இல்லை’ என்றால் பதிவை யாரும் தொடமாட்டார்கள். இந்தக் கேள்வியை மாற்றி எழுதவும் முடியாது. அது சட்டம்.

“அண்ணாச்சி,” என்றாள். “இந்த மெஷினுங்கள்ல எதுவாச்சும் உங்ககிட்ட எப்பவாச்சும் பொய் சொல்லிச்சா?”

திரைக்கு அந்தப் பக்கம் மச்சானின் காற்றுச் சத்தம் நின்றது.

“பொய்யா?” அண்ணாச்சி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “சேச்சே. அப்படி ஒண்ணும் கிடையாது. இல்லைன்னே போடுங்க.”

செண்பகவல்லி ‘இல்லை’ என்ற கட்டத்தில், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டாள். காற்றுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. ஆறு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதில், அவளுக்கு அந்த நிமிஷம் அண்ணாச்சியின் காலில் விழலாம் போல இருந்தது.

கோமதி பையையும் பிளாஸ்கையும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் போன அண்ணாச்சி, பச்சைத் திரைக்குப் பக்கத்தில் நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டரம்மா, அன்னைக்கு எனக்குப் பின்னால வந்து நின்னாருல்லா ஒருத்தரு. அவரு இப்ப எப்படி இருக்காரு?”

“நல்லா… நல்லா இருக்காரு அண்ணாச்சி. தூங்குதாரு.”

“நல்லது. எழுப்பாண்டாம்.” அண்ணாச்சி திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். “அஞ்சு நாளா பக்கத்துல படுத்துக் கிடக்கேன். நெஞ்சு நோய் வார்டுல ஒரு தடவைகூட இருமல பாத்தீங்களா. அவ்வளவு நாசூக்கான மனுஷன்.”

செண்பகவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். அதில் கேலி இல்லை. அன்றைக்கு அந்தக் கட்டிலில் யாரும் இல்லை என்று அவருக்கு அன்றைக்கே தெரியும். டாக்டரும் மச்சானுமாகச் சேர்ந்து, அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய்யைப் பரிமாறும்போது, வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

“உடம்பைப் பாத்துக்கோங்க டாக்டரம்மா, இளைச்சுட்டீங்க,” என்று சொல்லிவிட்டு, அண்ணாச்சி கோமதியின் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கிக்கொண்டு, ஒரு மூச்சுக்கு ஏழெட்டு அடி வீதம், நிதானமாக வாசலைப் பார்த்து நடந்தார்.